தியானம் பண்றவங்க எதுக்கு எலெக்‌ஷன்ல நின்னாங்க? நேச்சுரல் லா பார்ட்டியோட கதை

2024 அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் நேரத்துல ஒரு கேஸ் கொஞ்ச நாள் நியூஸ்ல ஓடுச்சு. ராபர்ட் கென்னடி ஜூனியர் ஆகஸ்ட்ல பிரசாரத்தை நிறுத்திட்டு ட்ரம்புக்கு ஆதரவு குடுத்துட்டாரு, மிச்சிகன் மாநிலத்துல வாக்குச்சீட்டுல இருந்து என் பேரை எடுங்கன்னு கேட்டாரு, எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அங்க அவரை வேட்பாளரா நிறுத்தின கட்சியோட பேரு நேச்சுரல் லா பார்ட்டி. இது யாரு புதுசான்னு தேடினவங்களுக்கு மகரிஷி மகேஷ் யோகி, பீட்டில்ஸ் இசைக்குழு, மெத்தை மேல குதிக்கற ஆட்கள்னு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி விஷயமா வந்து விழுந்துச்சு. சம்பந்தம் இருக்கு. ஆனா அதைப் புரிஞ்சுக்கணும்னா கட்சியை விட்டுட்டு இயக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

பேரைப் பாத்துட்டு சட்டப் படிப்புல வர்ற இயற்கைச் சட்டத் தத்துவம்னு நினைச்சுக்காதீங்க. இவங்க சொல்ற இயற்கை விதி பிரபஞ்சத்தையே நடத்தற விதி, தியானம் மூலமா மனுஷன் அதோட ஒத்துப்போயிடலாம்ங்கறது அவங்க நம்பிக்கை.

முதல்ல இயக்கம்

மகேஷ் யோகி அலகாபாத் யுனிவர்சிட்டில பிசிக்ஸ் படிச்சவரு. ஜோதிர்மடத்து சங்கராச்சாரியார் பிரம்மானந்த சரஸ்வதிகிட்ட சீடரா இருந்தாரு. குரு 1953ல போய்ச் சேர்ந்த அப்புறம் சில வருஷத்துல ஊர் ஊரா தியானம் சொல்லிக் குடுக்க கிளம்பிட்டாரு. அவரோட ஆன்மிக மறுமலர்ச்சி இயக்கம் தொடங்குனது எங்கன்னு பாத்தா நம்ம மெட்ராஸ்ல, 1957 கடைசில.

அவர் சொல்லிக் குடுத்த முறைக்கு ட்ரான்சென்டென்டல் மெடிடேஷன்னு பேரு, சுருக்கமா டிஎம், தமிழ்ல ஆழ்நிலை தியானம்னு சொல்வோம். காலையில இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம், கண்ணை மூடி உக்காந்து ஒரு மந்திரத்தை மனசுக்குள்ள சொல்லணும், மந்திரத்தை வெளிய சொல்லக்கூடாது, அவ்வளவுதான் அடிப்படை. 1968ல பீட்டில்ஸ் ரிஷிகேஷ் வந்து அவர் ஆசிரமத்துல தங்கின அப்புறம் இது உலகம் பூரா தெரிஞ்ச பேராயிடுச்சு.

ஆனா கட்சி பிறந்தது இந்த இருபது நிமிஷத்துல இருந்து இல்ல. 1976ல மகரிஷி கொண்டுவந்த அடுத்த லெவல் பயிற்சி இருக்கே, டிஎம்-சித்தி, அங்க இருந்துதான் எல்லாம் கிளம்புது. பதஞ்சலி யோக சூத்திரத்துல வர்ற சித்திகளை வெச்சு உருவாக்கினது. அதுல ஒண்ணுதான் யோகப் பறத்தல்.

பறத்தல்னா கிட்டப் பாத்தா இதுதான்: ஒரு ஹால் முழுக்க கனமான ஃபோம் மெத்தை போட்டிருக்கும், அது மேல பத்மாசனம் போட்டு உக்காந்திருக்கவங்க திடீர்னு அப்படியே எம்பிக் குதிப்பாங்க, கொஞ்சம் முன்னாடி போய் விழுவாங்க, மறுபடி எம்புவாங்க. கால் மடிச்சபடியே தவளை மாதிரி தாவுறதுன்னு வெச்சுக்கங்க. இயக்கமே இதுக்கு மூணு கட்டம் சொல்லுது: தாவுறது, காத்துல நிக்கறது, பறக்கறது. வெளி ஆளுங்க முன்னாடி இதுவரைக்கும் காட்டினது முதல் கட்டம் மட்டும்தான்.

கட்சியோட மொத்தக் கொள்கையும் ஒரு கணக்குல அடங்குது

இதுதான் முக்கியமான இடம், இதைப் புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா விளங்கிடும். மகரிஷி எஃபெக்ட்னு ஒரு கருத்து. ஒருத்தர் தியானம் பண்ணா அவருக்கு மட்டும் நல்லது இல்ல, சுத்தி இருக்கற சமூகத்துக்கே நல்லது, குற்றம் குறையும், விபத்து குறையும், சண்டை குறையும்னு சொல்றாங்க. எத்தனை பேர் பண்ணணும்?

1. சாதாரண டிஎம் பண்றவங்கன்னா ஊர் ஜனத்தொகைல 1% போதும்.
2. சித்தி பயிற்சியை ஒரே இடத்துல கூட்டமா பண்றவங்கன்னா, அந்த 1%ல வர்ற எண்ணோட வர்க்கமூலம் போதும்.

ரெண்டாவதைப் போட்டுப் பாருங்க. 1992 பிரிட்டன்ல சுமார் 5.8 கோடி பேரு. 1%ன்னா 5.8 லட்சம், அதுக்கு வர்க்கமூலம் எடுத்தா கிட்டத்தட்ட 760. அமெரிக்காவுக்கு 1,600 பேர். மொத்த உலகத்துக்கே சுமார் 7,000. இயக்கத்தோட பேச்சுல திரும்பத் திரும்ப 7,000ங்கற நம்பர் வர்றது இதனாலதான்.

இப்ப ஒரு கேள்வி வரும். ஒரு நாட்டையே மாத்த 760 பேர் போதும்னா, அதுக்கு எதுக்கு எலெக்‌ஷன், எதுக்கு மெஜாரிட்டி? சரியான கேள்விதான். அவங்க பதில் என்னன்னா அந்த 760 பேரும் வருஷம் பூரா வேற வேலைக்குப் போகாம ஒரே இடத்துல தங்கி காலையும் மாலையும் பண்ணிட்டே இருக்கணும், அவங்களுக்கு சாப்பாடு இடம் சம்பளம் எல்லாம் வேணும், அதை அரசாங்கம்தான் ராணுவத்துக்கு செலவு பண்ற மாதிரி பண்ணணும். நாட்டுக்கு காவல் படை இருக்கற மாதிரி ஒரு தியானப் படை. அரசாங்கத்துக்கிட்ட பல வருஷமா கேட்டுப் பாத்தாங்க, பெரும்பாலும் யாரும் கண்டுக்கல, சரி நாமளே அரசாங்கம் ஆகிடுவோம்னு 1992ல இறங்கிட்டாங்க.

மத்த கட்சிக்கு ஓட்டு அதிகாரத்துக்கான வழி, அதிகாரம் வந்தா திட்டம் போடலாம். இவங்களுக்கு திட்டம் ஏற்கனவே ரெடி, எந்த நாடா இருந்தாலும் ஒரே திட்டம், ஒரு பில்லுக்கு காசு கட்ட ஆள் வேணும், அவ்வளவுதான். அதனாலதான் ஒரே பேருல, கிட்டத்தட்ட ஒரே மேனிஃபெஸ்டோவோட டஜன் கணக்குல நாடுகள்ல கட்சி முளைச்சுது. ஜனத்தொகையை மட்டும் மாத்திப் போட்டா ஆள் கணக்கு வந்துடும்.

தேர்தலே இல்லாம இது நடந்த இடமும் இருக்கு. மொசாம்பிக் ஜனாதிபதி ஜோவாக்கிம் சிசானோ 90கள்ல தானே டிஎம் கத்துக்கிட்டு, ராணுவத்துலயும் போலீஸ்லயும் தினம் ரெண்டு வேளை தியானம் பண்ணச் சொல்லி உத்தரவே போட்டாரு. கட்சி நாடு நாடா கேட்டு வாங்க முடியாத விஷயத்தை ஒரே ஒரு ஜனாதிபதி கையெழுத்துல குடுத்துட்டாரு.

1992, பிரிட்டன்: 310 டெபாசிட்

மார்ச் 1992ல கட்சி ஆரம்பிக்கறாங்க, ஏப்ரல் 9 பொதுத் தேர்தல். கையில சில வாரம்தான். தலைவர் ஜெஃப்ரி கிளெமென்ட்ஸ், அவரும் பிசிக்ஸ் ஆள். தலைமை இடம் பக்கிங்ஹாம்ஷைர்ல மென்ட்மோர் டவர்ஸ், ரோத்ஸ்சைல்ட் குடும்பம் 19ஆம் நூற்றாண்டுல கட்டின மாளிகை, இயக்கம் 1978ல வாங்கினது. நேத்து ஆரம்பிச்ச கட்சிக்கு இப்படி ஒரு ஆபீஸ்.

651 தொகுதியில 310ல ஆள் நிறுத்தினாங்க. ஒரு கட்சிக்கு அனுபவம் இல்ல, எம்.பி. இல்ல, கவுன்சிலர் இல்ல, ஏன் 310? பிரிட்டன் தேர்தல் விதிகள் மூணைப் பாத்தா லாஜிக் தெரியும்:

1. டெபாசிட் ஒரு ஆளுக்கு 500 பவுண்ட், 5% ஓட்டு வாங்கலன்னா காலி.
2. அப்ப இருந்த நடைமுறைப்படி 50 தொகுதிக்கு மேல நின்னா டிவில ஃப்ரீயா கட்சி பிரசார நேரம் கிடைக்கும். பிரிட்டன்ல டிவில அரசியல் விளம்பரம் காசு குடுத்தும் போட முடியாது, சட்டப்படி தடை.
3. ஒவ்வொரு வேட்பாளரும் தொகுதி வாக்காளர்களுக்கு ஒரு நோட்டீஸ் தபால் செலவே இல்லாம அனுப்பலாம்.

இப்ப கணக்கு போடுங்க. 310 டெபாசிட்டும் போனா 1,55,000 பவுண்ட். அதுக்கு பதிலா டிவில நேரம், பாதி நாட்டுக்கு இலவச தபால் உரிமை, போக எல்லா பேப்பர்லயும் நியூஸ். விளம்பரக் கம்பெனிக்காரன் கேட்டா இது மலிவுன்னுதான் சொல்லுவான். பறக்கற காட்சி டிவில வந்துச்சு, நாடே பாத்துச்சு, நாடே சிரிச்சுது, அது வேற விஷயம்.

தேர்தலுக்கு மூணு நாள் முன்னாடி, ஏப்ரல் 6ஆம் தேதி, பீட்டில்ஸ்ல ஒருத்தரா இருந்த ஜார்ஜ் ஹாரிசன் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல இந்தக் கட்சிக்காக கச்சேரி பண்ணாரு. பல வருஷமா பிரிட்டன்ல முழுக் கச்சேரியே பண்ணாத மனுஷன், ரசிகர்கள் டிக்கெட்டுக்கு அடிச்சுக்கிட்டாங்க. தேர்தல்ல நிக்கறீங்களான்னு கேட்டதுக்கு மட்டும் அவர் ஒத்துக்கல. இன்னொரு பிரபலம் நின்னாரு: கனடா மேஜிக் கலைஞர் டக் ஹென்னிங், பிளாக்பூல் சவுத் தொகுதி. வாங்கின ஓட்டு 173.

மொத்த ரிசல்ட்: 62,888 ஓட்டு, நாட்டளவுல 0.19%. தொகுதிக்கு சராசரி 203. 310 டெபாசிட்டும் காலி, ஒண்ணு கூட மிஞ்சல. 1997ல ஆள் எண்ணிக்கை 197ஆ குறைஞ்சுது, ஓட்டு 30,604, சராசரி 155ஆ இறங்கிடுச்சு. முதல் தடவை புதுசுங்கற ஆர்வத்துல விழுந்த ஓட்டு கூட ரெண்டாவது தடவை விழல. கனடாலயும் இதே கதைதான், 1993ல 231 பேர் நின்னு 0.63%. அங்க ஹென்னிங் டொரான்டோ ரோஸ்டேல் தொகுதியில மறுபடி நின்னாரு, ஆறாவது இடம்.

அமெரிக்கா: ஒரு பிசிக்ஸ் ஆளு, ஒரு பரிசோதனை

அமெரிக்கக் கிளைக்கு மையம் அயோவா மாநிலத்து ஃபேர்ஃபீல்ட். திவாலான ஒரு காலேஜ் வளாகத்தை 1974ல வாங்கி மகரிஷி யுனிவர்சிட்டி ஆக்கி, பறத்தல் பயிற்சிக்குன்னு ரெண்டு பெரிய தங்கநிற டோம் கட்டியிருந்தாங்க. ஜனாதிபதி வேட்பாளர் ஜான் ஹேகலின். இவரை கோமாளின்னு ஒதுக்க முடியாது, ஹார்வர்ட்ல டாக்டரேட், ஐரோப்பாவோட செர்ன் அணுத்துகள் ஆராய்ச்சி மையத்துல வேலை, ஸ்டான்ஃபோர்ட் ஆக்சலரேட்டர்ல வேலை, ஜான் எல்லிஸ் மாதிரி பெரிய ஆட்களோட சேர்ந்து எழுதின பேப்பர்கள். 1984ல ஃபேர்ஃபீல்டுக்கு வந்துட்டாரு. எல்லா விசைக்கும் ஒரே மூலம்னு பிசிக்ஸ்ல தேடிட்டு இருக்கற ஒருங்கிணைந்த புலமும் தியானத்துல கிடைக்கற தூய உணர்வும் ஒண்ணேதான்னு அவர் வாதம். இந்த இடத்துல மத்த பிசிக்ஸ் ஆட்கள் கழண்டுக்கிட்டாங்க.

1993 கோடையில, ஜூன் 7ல இருந்து ஜூலை 30 வரைக்கும், வாஷிங்டன்ல சுமார் 4,000 தியானிகளைக் கூட்டிட்டு வந்து தலைநகரத்துக் குற்றத்தைக் குறைக்கிறோம்னு முன்கூட்டியே அறிவிச்சு பண்ணாங்க. முன்கூட்டி அறிவிச்சது நேர்மையான விஷயம்தான், ஒத்துக்கணும். வன்முறைக் குற்றம் 18% குறைஞ்சுதுன்னு முதல்ல சொன்னாங்க, 1999ல ஜர்னல்ல வந்தப்ப அது 23% ஆச்சு. சிக்கல் எங்கன்னா:

1. எதோட ஒப்பிட்டு குறைஞ்சுது? போன வருஷத்தோட இல்ல. இந்த வெயிலுக்கு, இந்த சீசனுக்கு இவ்வளவு குற்றம் நடந்திருக்கணும்னு ஒரு மாடல் போட்டு, அந்த கணிப்போட. மாடலை மாத்தினா பதிலும் மாறும்.
2. அந்த வருஷம் வாஷிங்டன்ல கொலை 454, அதுக்கு முந்தின வருஷம் 443. ஆய்வுல கொலை, பாலியல் வன்முறை, கடுமையான தாக்குதல் மூணையும் கூட்டி ஒரே எண்ணா எடுத்தாங்க. மூணுல தாக்குதல்தான் எண்ணிக்கைல ரொம்ப அதிகம், அதனால கொலை என்ன ஆச்சுங்கறது கூட்டல்ல காணாம போயிடும்.
3. அவங்க சொந்த ஃபார்முலாவையே போடுவோம். ஆறு லட்சம் பேர் இருக்கற வாஷிங்டனுக்கு தேவை சுமார் 77 பேர். 4,000 பேர்ன்னா 160 கோடி ஜனத்துக்கு போதும், அதாவது அமெரிக்காவைப் போல ஆறு மடங்கு. அப்ப விளைவை ஒரு நகரத்துல மட்டும் தேடறது ஏன்? நாடு பூரா கண்ணுக்குத் தெரியற மாதிரி விழுந்திருக்கணுமே.

என்னைக் கேட்டா மூணாவதுதான் அடிப்படைக் கோளாறு, ஏன்னா அது வெளி ஆள் வெச்ச அளவுகோல் இல்ல, அவங்களே குடுத்தது. இந்த ஆய்வுக்கு 1994ல ஹேகலினுக்கு இக் நோபல் அமைதிப் பரிசு குடுத்தாங்க, கேலி விருதுதான். அதுக்காக எல்லாமே ஒதுக்கப்பட்டதுன்னும் சொல்ல முடியாது, ஜெருசலேம்ல பண்ண இதே மாதிரி ஆய்வு ஒண்ணு 1988ல போர், மோதல் பத்தின ஆராய்ச்சிகள் வர்ற மதிப்புள்ள ஒரு ஜர்னல்லயே வந்துச்சு, ஆசிரியர் இது வழக்கமான கருத்து இல்லன்னு குறிப்போட போட்டாரு.

ஓட்டு பக்கம் வருவோம். ஹேகலின் 1992, 1996, 2000னு மூணு தடவை நின்னாரு. உச்சம் 1996, ஒரு லட்சத்து 13 ஆயிரம் ஓட்டு, நாட்டளவுல 0.1% சுமார். மரபணு மாற்றின உணவுக்கு லேபிள் ஒட்டணும், மருந்தை விட நோய் தடுப்புக்கு செலவு பண்ணணும், இயற்கை விவசாயம், மாற்று எரிசக்தின்னு மேனிஃபெஸ்டோவோட மத்த பாதி இன்னிக்கு படிச்சா சாதாரணமாத்தான் இருக்கு. பறத்தல் அதை எல்லாம் மறைச்சிடுச்சு.

2000ல ஒரு தமாஷ். ராஸ் பெரோ ஆரம்பிச்ச ரிஃபார்ம் பார்ட்டிக்கு, 1996ல வாங்கின ஓட்டுக்காக அரசாங்கம் 1.26 கோடி டாலர் தேர்தல் நிதி குடுக்க வேண்டியிருந்துச்சு. அந்தக் கட்சி ரெண்டா உடைஞ்சு, ஒரு கோஷ்டி பாட் புக்கானனை நிறுத்துச்சு, இன்னொரு கோஷ்டி ஹேகலினை நிறுத்துச்சு. தேர்தல் கமிஷன் காசை புக்கானனுக்குக் குடுத்துடுச்சு.

இது மதமா?

கட்சி, இயக்கம் ரெண்டும் இல்லவே இல்ல, விஞ்ஞானம்னு சொல்லும். ஆனா கட்சி பிறக்கறதுக்கு முன்னாடியே அமெரிக்காவுல கோர்ட் இதைப் பாத்திருக்கு. நியூ ஜெர்சில சில அரசுப் பள்ளிகள்ல டிஎம் சொல்லிக் குடுத்தாங்க, பெற்றோர் கேஸ் போட்டாங்க. மந்திரம் வாங்கற அன்னிக்கு மாணவர் பூ, பழம், வெள்ளைக் கைக்குட்டை கொண்டு வரணும், குரு படத்துக்கு முன்னாடி வெச்சு டீச்சர் சமஸ்கிருதத்துல பூஜை பாடுவாங்க. 1977ல கீழ்க் கோர்ட்டும் 1979ல அப்பீல் கோர்ட்டும் இது அரசுப் பள்ளில மதத்தை நுழைக்கறதுன்னு சொல்லி நிறுத்திட்டாங்க. அரசாங்கக் காசுல தியானப் படைங்கற திட்டத்துக்கு அமெரிக்காவுல இது எவ்வளவு பெரிய தடைன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. அந்த வாசல் பூட்டின அப்புறமும் அதே வாசல் வழியா போகப் பாத்த கட்சி இது.

இந்தியாவுல

இங்க அஜேய பாரத் பார்ட்டின்னு பேரு. 1998 மத்தியப் பிரதேச சட்டசபைத் தேர்தல்ல ஒரு சீட் ஜெயிச்சாங்க. அது கொள்கைக்கு விழுந்த ஓட்டா வேட்பாளர் செல்வாக்குக்கு விழுந்த ஓட்டாங்கறது வேற விவாதம், ஆனா பணக்கார நாடுகள்ல நூத்துக்கணக்குல நின்னு கிடைக்காதது இங்க கிடைச்சுது.

மூடினது எப்படி

பிரிட்டன் கட்சி 2001ல பதிவை விட்டுச்சு. அமெரிக்க தேசியக் கட்சியும் கனடா கட்சியும் 2004ல முடிஞ்சுது. ஓட்டு விழலங்கறது மட்டும் காரணம்னு தோணல. மகரிஷியே அந்த நேரத்துல திசை மாறிட்டாரு. 2000 அக்டோபர்ல உலக அமைதிக்கான உலக நாடுன்னு எல்லையே இல்லாத ஒரு நாட்டை அறிவிச்சாரு, டோனி நாடர்ங்கற விஞ்ஞானிக்கு மகாராஜான்னு பட்டம் சூட்டினாங்க, நாடு நாடா ராஜாக்களை நியமிச்சாங்க, ராம்னு ஒரு நோட்டு கூட அடிச்சாங்க. ஜனநாயகத்துல தோத்துட்டு முடியாட்சிக்குப் போனாங்கன்னு கிண்டல் பண்ணலாம், ஆனா அவங்க கணக்குப்படி இது முரண்பாடே இல்ல. பெரும்பான்மை தேவையே இல்லாத கொள்கைக்கு ஓட்டுப்பெட்டி ஆரம்பத்துல இருந்தே சும்மா ஒரு வழி. 2005ல ஈராக் போருக்காக பிரிட்டன் மேல கோவப்பட்டு அங்க டிஎம் சொல்லிக் குடுக்கறதையே நிறுத்தச் சொன்னாரு, டோனி பிளேர் பதவி விட்ட அப்புறம்தான் தடையை எடுத்தாரு. 2008 பிப்ரவரில நெதர்லாந்து வ்ளோட்ராப்ல காலமானாரு.

அப்புறம் மிச்சிகன்ல மட்டும் எப்படி உயிரோட இருக்கு?

அமெரிக்காவுல வாக்குச்சீட்டுல கட்சிக்கு இடம் குடுக்கறது ஒவ்வொரு மாநிலத்தோட சட்டம். தேசியக் கட்சி கலைஞ்சாலும் மாநிலத்துல வாங்கி வெச்ச இடம் தானா போகாது. மிச்சிகன் விதி இப்படி:

1. கட்சியோட வேட்பாளர்கள்ல அதிகமா ஓட்டு வாங்கின ஒருத்தரோட ஓட்டைப் பாப்பாங்க, எந்தப் பதவிக்கு நின்னாருங்கறது முக்கியம் இல்ல.
2. கடைசியா நடந்த மாநிலச் செயலாளர் (தேர்தலை மேற்பார்வை பண்ற, ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற பதவி) தேர்தல்ல ஜெயிச்சவர் வாங்கின ஓட்டுல 1% இருந்தா போதும், அடுத்த தேர்தலுக்கும் இடம் உறுதி.

ஜனங்க கவனிக்காத கல்வி வாரியம், யுனிவர்சிட்டி வாரியம் மாதிரி பதவிக்கு ஒரு ஆளை நிறுத்தினாலே அந்த அளவு ஓட்டு சும்மா விழுந்துடும். அப்படியே ஓட்டிட்டு வந்த கட்சிக்கு தன்னோட சொந்த வேட்பாளர்னு யாரும் பெருசா இல்ல, ஆனா புதுக் கட்சி ஆயிரக்கணக்குல கையெழுத்து திரட்டி வாங்க வேண்டிய இடம் கையில இருக்கு. அதனால கட்சி இல்லாத பெரிய ஆளுங்க வந்து ஏறிக்கிட்டாங்க. 2008ல ரால்ஃப் நாடர், 2024 ஏப்ரல்ல கென்னடி. அவங்க யாரும் பறக்கறேன்னு சொல்லல.

கென்னடிக்கு கதவடைச்சதும் மாநில சட்டத்துல இருக்கற ஒரு வரிதான்: சிறு கட்சி நிறுத்தின வேட்பாளர் பேர் குடுத்த அப்புறம் விலக முடியாது. செப்டம்பர் 6ல அப்பீல் கோர்ட் அவர் பக்கம் சொல்லுச்சு, 9ஆம் தேதி மாநில சுப்ரீம் கோர்ட் அதை மாத்திடுச்சு, அக்டோபர் கடைசில அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்துடுச்சு. தனக்கு ஓட்டுப் போடாதீங்கன்னு ஊர் ஊரா சொல்லிட்டு இருந்த ஆளுக்கு மிச்சிகன்ல 26 ஆயிரத்துக்கு மேல ஓட்டு விழுந்துச்சு. 2022ல மாநிலச் செயலாளரா ஜெயிச்சவர் வாங்கினது 24 லட்சத்துக்கு மேல, 25 லட்சத்துக்குக் கீழ. 1% எவ்வளவுன்னு நீங்களே போட்டுக்கலாம்.